ஒற்றைச் சீட்டுகளின் கட்டு

அம்பத்தூர், ஆவடித் திண்ணைகளில் நாம் பழகிய சீட்டாட்டத்தில் கையில் விழுந்ததுதான் விதி. கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 1993இல் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' ஆட்டத்திலோ, சீட்டுகளைச் சேகரித்துத் தன் கட்டைத் தானே கோத்துக்கொண்டு வரவேண்டும்.

1994 ஆகஸ்டில் மில்வாக்கியில் நடந்த முதல் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் பிரான்சின் பெர்ட்ராண்ட் லெஸ்ட்ரேயை வென்றவர் அமெரிக்கரான ஸாக் டோலன். அவருடைய கட்டு இன்றைய கண்ணுக்குக் கதம்பம். பெரும்பாலான சீட்டுகளை நான்கு பிரதிவரை வைக்கலாம் என்றிருந்தும், அதில் பல சீட்டுகள் ஒற்றையாகவே இருந்தன. பட்டியல் பார்த்துப் படியெடுத்த பிற்காலத்துச் செப்பமான கட்டுகளைவிட எனக்கு இதுவே பிடிக்கிறது. ஒரு மனிதரின் கைரேகை தெரிகிறது.

கணக்கில்லாத கதம்பமும் அல்ல. 'ஸ்டேசிஸ்' இறங்கினால், பயன்படுத்திச் சாய்த்த சீட்டுகள் மறுபடி நிமிரா. முடக்கம் இருவருக்கும்தான். ஆனால் அவரது 'செர்ரா ஏஞ்சல்' சாயாமலேயே தாக்கும். எதிராளி கைகட்டி நிற்க, தேவதை பறந்துகொண்டேயிருக்கும்.