பீட்டில் கார் எஞ்சினை வீட்டில் பிரித்துக் கட்டுதல்

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பின்புறம் அமர்ந்திருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சின் நீரால் அல்ல, காற்றால் குளிர்வது. ரேடியேட்டர், நீர்ப்பம்பு, நீர்க்குழாய் எதுவும் அதில் கிடையாது. கியர்பெட்டியோடு நான்கே இடங்களில் இணைந்திருப்பதால் ஒரு ஜாக்கி, சில ஸ்பேனர்கள், உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் அதை இறக்கிவிடலாம். இதனால் காரின் உரிமையாளரே எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, மீண்டும் கட்டும் வழக்கம் பல நாடுகளில் வேரூன்றியது. கழற்றுவதும் கோர்ப்பதும் வீட்டில் நடக்கும். உலோகத்தைச் செதுக்கும் வேலைக்கு லேத் பட்டறை வேண்டும். இரண்டையும் இணைப்பது அளவீடு. பழைய எஞ்சின் மறுபடி நெடுங்காலம் உழைப்பதும் சில மாதங்களில் மடங்குவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

தோற்றமும் வகைகளும்

1930களின் நடுவில் ஸ்டுட்கார்ட்டில் இயங்கிய ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் வடிவமைப்பு அலுவலகம், மலிவான மக்கள் காருக்காக இருவீச்சு எஞ்சின்கள் உட்படப் பல அமைப்புகளைச் சோதித்தது. ஆஸ்திரியப் பொறியாளர் ஃப்ரான்ஸ் சாவேர் ரைம்ஷ்பீஸ் வரைந்த நால்வீச்சு எஞ்சின் இறுதியில் தேர்வானது. அதில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருந்தன. அடிப்படை அமைப்பு மாறாமலே அதன் கொள்ளளவு படிப்படியாகக் கூடியது. சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் மி.மீ. அளவில்:

- 985 க.செ.மீ.: 70 × 64, போருக்கு முந்தைய கார்கள்
- 1131 க.செ.மீ.: 75 × 64, 1940களில்
- 1192 க.செ.மீ.: 77 × 64, 1954 மாதிரி முதல்
- 1285 க.செ.மீ.: 77 × 69, 1965 ஆகஸ்ட் முதல்
- 1493 க.செ.மீ.: 83 × 69, 1966 ஆகஸ்ட் முதல்
- 1584 க.செ.மீ.: 85.5 × 69, 1970ஐ ஒட்டி

1960 ஆகஸ்டில் 34 குதிரைத்திறன் எஞ்சின் வந்தபோது கொள்ளளவு 1192 ஆகவே இருந்தாலும் உள்ளமைப்பு பெரிதும் மாறியது. அதற்கு முந்தைய எஞ்சின்களின் பாகங்கள் பிந்தையவற்றுக்குப் பெரும்பாலும் பொருந்தா. ஆகவே உதிரிபாகம் வாங்குமுன் கிராங்க் கேஸில் பொறித்துள்ள எஞ்சின் எண்ணைப் பார்ப்பது முதல் வேலை.

பழைய எஞ்சினைப் புதுப்பிப்பதை ஆலையும் ஒரு தொழிலாகவே நடத்தியது. 1958இல் தொடங்கிய காசல் ஆலையின் முதல் பணியே பழைய எஞ்சின்களையும் கியர்பெட்டிகளையும் மறுசீரமைப்பதுதான். தேய்ந்த எஞ்சினைக் கொடுத்துப் புதுப்பித்த எஞ்சினை வாங்கிக்கொள்ளும் இந்த முறையால், எஞ்சின் என்பது பலமுறை புதுப்பிக்கத்தக்க பொருள் என்ற எண்ணம் வாடிக்கையாளரிடமும் நிலைத்தது.

அமைப்பு

எஞ்சினின் நடு உடல் மக்னீசியக் கலவையில் வார்த்த கிராங்க் கேஸ். அது நிலக்கடலைத் தோடு போல நெடுக்காக இரண்டாகப் பிரியும். கிராங்க் ஷாஃப்டும் அதன் கீழே கேம் ஷாஃப்டும் இரு பாதிகளுக்கும் நடுவே படுத்திருக்கும். பாதிகளுக்கிடையே கேஸ்கட் கிடையாது. உலோகம் உலோகத்தின்மீது அமர, மெல்லிய பூச்சு மட்டுமே எண்ணெய்க் கசிவைத் தடுக்கிறது.

சிலிண்டர்கள் ஒவ்வொன்றும் தனித்தனி. வார்ப்பிரும்பாலான அவற்றைச் சுற்றிக் குளிர்விப்புச் செதில்கள் உண்டு. தேய்ந்துவிட்டால் பிஸ்டனோடு சேர்த்து நான்கையும் உருவியெடுத்துப் புதியதைச் செருகலாம். நீரால் குளிரும் எஞ்சின்களில் வழக்கமான சிலிண்டர் துளைப்பு வேலை இங்கே தேவைப்படாததற்கு இதுவே காரணம். இரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக அலுமினிய ஹெட்டுகள் இரண்டு. கேஸிலிருந்து நீளும் ஸ்டட்டுகள் ஹெட்டையும் சிலிண்டரையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கின்றன.

மேலே தகரக் கூண்டுக்குள் சுழலும் ஃபேன், ஜெனரேட்டரின் அச்சில் பொருத்தப்பட்டது. இரண்டையும் ஒரே பெல்ட் ஓட்டுகிறது. பெல்ட் அறுந்தால் மின்னேற்றமும் குளிர்விப்பும் ஒருசேர நிற்கும். அப்போது காரை உடனே நிறுத்தியாக வேண்டும். எண்ணெயின் அளவு வெறும் 2.5 லிட்டர். வடிகட்டி என்ற பெயரில் ஒரு கம்பிவலை மட்டும் உண்டு. குளிர்விப்பில் எண்ணெய்க்கும் பெரும் பங்கு இருப்பதால் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை அதை மாற்றும்படி விதித்தனர்.

வழக்கமான பழுதுகள்

மூன்றாம் சிலிண்டர் இந்த எஞ்சினின் அறியப்பட்ட பலவீனம். பழைய அமைப்பில் ஆயில் கூலர் ஃபேன் கூண்டுக்குள் அந்தச் சிலிண்டருக்கு மேலே நின்றது. அதைத் தாண்டி வரும் காற்று சூடாகவும் குறைவாகவும் இருக்கும். அதனால் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மற்றவற்றைவிட விரைவில் கெடும். வால்வுத் தலை முறிந்து உள்ளே விழுந்தால் பிஸ்டனும் ஹெட்டும் ஒருங்கே நாசமாகும். 1971 மாதிரியில் கூலரை இடம்மாற்றித் தனிக் கூண்டில் வைத்து, அதன் சூடான காற்றை வெளியே விட்டனர். பழைய எஞ்சினைக் கட்டுவோர் பலர் இந்தப் பிற்கால அமைப்பையே பொருத்துகின்றனர்.

இரண்டாவது பழுது மக்னீசியத்தின் மென்மையால் வருவது. சூட்டில் இரும்பு ஸ்டட்டைவிடக் கேஸும் ஹெட்டும் கூடுதலாக விரிகின்றன. அந்த இழுவையில் ஸ்டட்டுகள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். 10 மி.மீ. ஸ்டட்டுகளுக்குப் பதில் பிற்காலத்தில் 8 மி.மீ. ஸ்டட்டுகளை ஆலை கையாண்டது. மெல்லிய ஸ்டட் சற்றே நீண்டு கொடுப்பதால் மரை தப்பிக்கிறது. பழைய கேஸ்களில் எஃகு மரைச் செருகிகளைப் பதிப்பது வழக்கம்.

மூன்றாவது, பேரிங் இருக்கைகள் அடிபடுவது. கிராங்க் ஷாஃப்டின் மோதலால் கேஸின் வட்டத் துளைகள் நீள்வட்டமாகின்றன. புதிய பேரிங்கை எத்தனை கவனமாக வைத்தாலும் அத்தகைய கேஸில் அது நிற்காது.

இறக்குவதற்கு முன்

பிரித்துத்தான் ஆகவேண்டுமா என்பதைக் காருக்குள் இருக்கும்போதே சோதிக்கலாம். அழுத்தமானியால் நான்கு சிலிண்டரையும் ஒப்பிட்டால் வால்வு, ரிங் ஆகியவற்றின் நிலை தெரியும். எண்ணெய் நன்கு சூடான பிறகு நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் அழுத்தம் 2 பாருக்குக் கீழே போனால் பேரிங்குகளோ ஆயில் பம்போ தேய்ந்துள்ளதாகக் கொள்ளலாம். பின்புறப் பெரிய கப்பியை இரு கையாலும் பற்றி முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பது எளிய சோதனை. கிராங்க் ஷாஃப்டின் அச்சு ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருக்கலாம். கைக்கு நன்றாகத் தட்டுப்படும் அளவு ஆடினால் கேஸில் வேலை இருக்கிறது.

இறக்குமுன் பேட்டரி இணைப்பை எடுத்து, பெட்ரோல் குழாயை அடைத்து, ஆக்சிலரேட்டர் கேபிள், வெப்பமூட்டிக் கேபிள்கள், மின்கம்பிகள் ஆகியவற்றை விடுவிப்பர். பின்புறத்தை உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்திய பின், எஞ்சினை ஜாக்கியில் தாங்கி, நேர்பின்னாக இழுத்துக் கீழே இறக்க வேண்டும். கியர்பெட்டியின் அச்சு கிளட்ச்சை விட்டு முழுதும் வெளிவருமுன் எஞ்சின் சாய்ந்தால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும். எடை 100 கிலோவுக்கு மேல் என்பதால் இறக்கும்போது எவரும் அடியில் இருக்கக் கூடாது.

பிரித்தலும் அளத்தலும்

ஃபிளைவீலைப் பிடித்திருக்கும் ஒற்றை நட்டு 36 மி.மீ. அளவுள்ளது, சுமார் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கியிருப்பர். நீண்ட குழாயை நெம்புகோலில் மாட்டித்தான் பெரும்பாலோர் அதைக் கழற்றுகின்றனர். ஹெட், சிலிண்டர், பிஸ்டன் என்று வெளியிலிருந்து உள்ளே போய், கடைசியில் கேஸைப் பிரிப்பர். இடையில் ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் மூடும் முகம் கீறும். பிறகு எந்தப் பூச்சாலும் அந்தக் கசிவு அடைபடாது. ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டுவதே முறை.

இதன்பின் மைக்ரோமீட்டருக்கும் ஃபீலர் கேஜுக்கும் வேலை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே புதிதில் 0.04 முதல் 0.06 மி.மீ. இடைவெளி இருக்கும், 0.2 மி.மீ.யை எட்டினால் மாற்ற வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் கழுத்துகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய 55 மி.மீ. விட்டமுடையவை. வட்டம் கெட்டிருந்தால் 0.25 மி.மீ. படிகளில் அரைத்து, அந்த அளவுக்கேற்ற பேரிங் போடுவர். கேஸின் இருக்கைகளை நேர்கோட்டில் துளைத்துப் பெரிதாக்கினால் வெளிவிட்டம் கூடிய பேரிங் வேண்டும். ஆகவே பேரிங் வாங்கும்போது கேஸின் அளவு, கழுத்தின் அளவு இரண்டையும் சொல்லியே கேட்க வேண்டும்.

கழுத்து அரைத்தல், கேஸ் துளைத்தல், வால்வு வழிகாட்டிகளை மாற்றுதல், இருக்கை வெட்டுதல், சுழலும் பாகங்களைச் சமநிலைப்படுத்துதல் ஆகியன பட்டறைக்குப் போக வேண்டியவை. துளைப்பு வேலையில் உதிரும் மக்னீசியச் சீவல் எளிதில் தீப்பற்றும்; பற்றினால் தண்ணீர் ஊற்றுவது தீயை மேலும் மூர்க்கமாக்கும். பட்டறையிலிருந்து வந்த கேஸின் எண்ணெய் வழிகளைக் கம்பித் தூரிகையாலும் அழுத்தக் காற்றாலும் தூய்மைப்படுத்தாமல் கோர்ப்பது, புதிய பேரிங்குகளுக்குள் உலோகத்தூளை அனுப்புவதற்குச் சமம்.

கோர்த்தல்

முக்கிய பேரிங்குகள் நான்கு. ஃபிளைவீல் பக்கமுள்ள முதலாவது விளிம்புடைய முழு வளையம். இரண்டாவது இரு அரைவட்டங்கள். மூன்றும் நான்கும் முழு வளையங்கள். கேஸில் உள்ள சிறு ஊசிகள் பேரிங்கின் துளைக்குள் அமர்ந்தால்தான் அது சுழலாமல் நிற்கும். ஊசிமேல் ஏறிய பேரிங்கை வைத்து இறுக்கினால் அது நசுங்கும். இந்த வேலையில் புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை இது.

கனெக்டிங் ராடுகளின் புடைப்புக் குறி மேல்நோக்கி இருக்க வேண்டும். கேம் ஷாஃப்டின் பல்சக்கரத்தில் உள்ள ஒற்றைப் புள்ளி, கிராங்க் சக்கரத்தின் இரு புள்ளிகளுக்கு நடுவே வர வேண்டும். இடப் பாதியில் இவற்றைப் படுக்க வைத்து, டேப்பெட்டுகள் நழுவாதபடி பிடித்து, வலப் பாதியை மேலே கவிழ்ப்பர். பெரிய ஆறு நட்டுகளுக்கு 34 நியூட்டன் மீட்டர், சுற்றியுள்ள சிறியவற்றுக்கு 20. ஒவ்வொரு சுற்று இறுக்கியதும் கிராங்க் ஷாஃப்டைக் கையால் சுழற்றிப் பார்ப்பர். எங்கேனும் பிடித்தால் மேற்கொண்டு இறுக்காமல் பிரித்துப் பார்ப்பதே வழி.

அச்சு ஆட்டத்தை ஃபிளைவீலுக்குப் பின்னுள்ள மூன்று ஷிம்கள் தீர்மானிக்கின்றன. பல தடிமன்களில் கிடைக்கும் அவற்றை மாற்றி மாற்றி வைத்துத் தேவையான அளவைப் பெறுவர். எண்ணிக்கை மட்டும் எப்போதும் மூன்று. பிஸ்டன் தலையிலுள்ள அம்பு ஃபிளைவீலை நோக்க வேண்டும். புஷ்ராட் குழாய்களின் சுருக்க முனைகளை 190 மி.மீ. அளவுக்குச் சற்று இழுத்து நீட்டிய பிறகே ஹெட்டுக்கு அடியில் வைப்பர். இல்லாவிட்டால் எண்ணெய் சொட்டும். ஹெட் நட்டுகளை முதலில் 10 நியூட்டன் மீட்டருக்கு ஒரு வரிசையிலும், பின் வேறொரு வரிசையில் முழு விசைக்கும் இறுக்குவர். முழு விசை 10 மி.மீ. ஸ்டட்டுக்கு 32, 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 25.

தகடுகளும் முதல் ஓட்டமும்

எஞ்சினைச் சூழ்ந்திருக்கும் தகரத் தகடுகளை அழகுக்கென நினைத்து விட்டுவிடுவது பெரும் தவறு. ஃபேன் தள்ளும் காற்றைச் செதில்களுக்கு இடையே செலுத்துவதும், எக்ஸாஸ்ட் சூட்டை மேலே வரவிடாமல் தடுப்பதும் அவைதாம். சிலிண்டருக்கு அடியில் மாட்டும் சிறு தகடுகளும் எஞ்சின் அறையின் ஓர ரப்பர் பட்டையும் அதே பணியைச் செய்கின்றன. தெர்மோஸ்டாட் இயக்கும் காற்று மடல்கள் எஞ்சின் விரைவில் வேலைச்சூட்டை எட்ட உதவுபவை.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றுவர். பிளக் கம்பிகள் 1-4-3-2 என்ற வரிசையில். கேம் ஷாஃப்ட் புதியதானால், எஞ்சின் பற்றியவுடன் ஐட்லிங்கில் விடாமல் 2,000 சுழற்சியை ஒட்டிச் சுமார் 20 நிமிடம் ஓட்டுவது வழக்கம். கேம் முகமும் டேப்பெட் முகமும் ஒன்றுக்கொன்று பழகும் நேரம் அது. சில நூறு கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றி, எஞ்சின் நன்கு ஆறிய பிறகு வால்வு இடைவெளியை 0.15 மி.மீ.க்குத் திருத்துவர்.

நூல்களும் உதிரிபாகமும்

இந்த வழக்கத்தை இயந்திரம் அறியாதவரிடமும் கொண்டுசேர்த்ததில் அமெரிக்கர் ஜான் மியூர் எழுதி 1969இல் வெளியிட்ட ‘ஹௌ டு கீப் யுவர் ஃபோக்ஸ்வாகன் அலைவ்’ கையேட்டுக்குப் பெரும் பங்குண்டு. பீட்டர் அஷ்வாண்டனின் படங்கள் அதன் சிறப்பு. எஞ்சின் கட்டுதலை மட்டும் விரிவாக விளக்குவது டாம் வில்சனின் கையேடு.

பீட்டிலின் உற்பத்தி மெக்சிகோவின் புயப்லா ஆலையில் 2003 ஜூலை 30 அன்று 2,15,29,464ஆம் காரோடு முடிந்தது. பிரேசிலில் கோம்பி வேன் 2005 இறுதிவரை காற்றால் குளிரும் எஞ்சினோடு வந்தது. இத்தனை பெரிய எண்ணிக்கையால் பிஸ்டன் தொகுதி முதல் ஆயில் சீல் வரை இன்றும் புதிதாகத் தயாராகின்றன. தரம் ஒருசீராக இல்லாததால், பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல் புதிய பாகத்தையும் அளந்தே பொருத்துகின்றனர்.

மறுகட்டமைப்புக்கு உண்மையான எல்லை கேஸ்தான். சிலிண்டர், ஹெட், கிராங்க் ஷாஃப்ட் எல்லாவற்றையும் மாற்றலாம். கேஸை ஒவ்வொரு முறை துளைக்கும்போதும் உலோகம் குறைகிறது. அதற்குரிய பெரிய அளவுப் பேரிங் கிடைக்காத நிலையை எட்டியதும் அந்தக் கேஸ் பயனற்றதாகிறது. அப்போது புதிதாக வார்த்த கேஸ் வாங்கலாம். அலுமினியக் கேஸ் உறுதி கூடியது, எடையும் கூடியது. மக்னீசியக் கேஸ் ஆலைக் கட்டமைப்புக்கு நெருக்கமானது. எதுவானாலும் காரின் பதிவேட்டில் உள்ள எஞ்சின் எண் மாறும். அந்த மாற்றத்தை முறைப்படி பதிவுசெய்வதும் வேலையின் ஒரு பகுதியே.