குழாய்த் தண்ணீரில் துடித்த இதயம்

உடலியங்கியல் துறையில் நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தபோது, மண்ணெண்ணெய்ப் புகையில் கறுப்பேற்றிய காகிதத்தை டிரம்மில் சுற்றி, தவளை இதயத்தின் நுனியில் கொக்கி மாட்டி, முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் துடிப்பை வரைந்து காட்டுவோம். கால்சியம் இல்லாத கரைசலை விட்டால் கோடு குட்டையாகிக்கொண்டே வந்து படுத்துவிடும். கால்சியம் குளோரைடு சில சொட்டு விழுந்ததும் எழுந்து நிற்கும். வகுப்பே வாயைப் பிளக்கும்.

இந்த வித்தைக்கு மூலவர் சிட்னி ரிங்கர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் டாக்டர். வைத்தியம் போக மிச்ச நேரம் ஆய்வகத்தில். வெறும் உப்புக் கரைசலிலேயே தவளை இதயம் நெடுநேரம் துடிப்பதாக 1882-இல் எழுதினார். பிறகுதான் தெரிந்தது, கரைசலைக் கலக்கியது வடிநீரில் அல்ல, நியூ ரிவர் வாட்டர் கம்பெனியின் குழாய்த் தண்ணீரில் என்று. 1613-இல் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஊற்றுகளிலிருந்து லண்டனுக்கு வெட்டி முடித்த கால்வாய்தான் அந்த நியூ ரிவர். சுண்ணாம்புப் பூமி, தண்ணீரில் பத்து லட்சத்துக்கு 38.3 பங்கு கால்சியம். வடிநீரில் கலக்கிப் பார்த்தால் 20 நிமிடத்தில் துடிப்பு ஓய்ந்தது. வடிநீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்த ஆய்வக உதவியாளரின் சோம்பலைச் சொல்லிச் சிரிப்பது எங்கள் துறையில் வழக்கம். எனக்கோ, முந்தைய கட்டுரை பிசகென்று 1883-இல் தானே அச்சேற்றிய ரிங்கர்தான் பெரிசு.

அவர் கையில் கிடைத்தது தவளை என்பதும் ஒரு யோகம். வளர்ந்த மனித இதயச் செல், கால்சியத்தைத் தனக்குள்ளேயே ஒரு வலைப்பையில் சேர்த்து வைத்திருக்கிறது. வெளியிலிருந்து கொஞ்சம் நுழைந்தால் போதும், பை திறந்து மீதியைக் கொட்டும். தவளைக்கு அந்தப் பை பேருக்குத்தான். துடிப்புக்குத் துடிப்பு வெளியிலிருந்து வாங்கியாக வேண்டிய அன்றாடங்காய்ச்சி. ஃபாபியாட்டோ தம்பதியர், மனிதன், நாய், பூனை, முயல், எலி, தவளை எனப் பல இதயங்களின் செல்களை மேல்சவ்வு உரித்துச் சோதித்து 1978-இல் வெளியிட்டார்கள். தவளையில், கால்சியம் தொட்டுப் பை திறக்கும் வேலையே காணவில்லை. அதே கட்டுரையில் கருவிலிருந்த எலியையும் பிறந்த எலியையும் சேர்த்துக்கொண்டார்களே, அதுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம்.

ஏனென்றால் பிறந்த சிசுவின் இதயமும் ஏறக்குறைய தவளை ஜாதிதான். பை சிறிது, கால்சியத்தை உள்ளே திரும்ப இழுக்கும் பம்ப்பும் குறைவு. அதற்கு ஈடாக, செல்லின் மேல்சவ்வில் சோடியத்தையும் கால்சியத்தையும் மாற்றிக்கொள்ளும் புரதம் ஏராளம். வளர வளர இந்தக் கணக்கு புரள்கிறது. இன்னும் முன்னே போனால், சுண்டெலிக் கருவில் இதயம் பிறை வடிவில் இருக்கும்போதே, துடிப்பு தொடங்குமுன், தனித்தனிச் செல்களில் கால்சியம் ஏறி இறங்குவதை ஆக்ஸ்ஃபோர்டில் டைசரும் சங்கர் ஸ்ரீனிவாஸும் குழுவினரும் 2016-இல் காட்டினார்கள். அங்கே முதலில் வேலை செய்வதும் அந்த மாற்றுப் புரதமே; செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாசல்கள் அதன்பின் சேர்ந்துகொள்கின்றன.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. படபடப்பை அடக்கும் வெராபமில் என்ற மருந்து, அந்தக் கால்சியம் வாசலைத்தான் அடைக்கிறது. பையில் கையிருப்பு உள்ள பெரியவர் சமாளிப்பார். சிசுக்களுக்கு அதை ஊசியாகப் போட்டபோது ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நின்றதாக 1980-களில் மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்தன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இன்று அந்த ஊசியைத் தவிர்க்கிறார்கள், அடினோசினைத்தான் எடுக்கிறார்கள்.