பரங்கியும் வெல்லமும்

பொங்கல் நாள் திருப்பலி முடிந்தபின், திருத்தணியில் ஓர் இல்லத்தார் நம்மை உணவுக்கு அழைத்திருந்தனர். தலைவாழை இலையில் சர்க்கரைப் பொங்கலுக்கு அருகே, வெல்லப்பாகு பூத்து மின்னும் பரங்கிக்காய்த் துண்டுகள் நான்கைந்தை அவ்வீட்டு மூதாட்டியார் வைத்தார். பண்டிகை நாளில் இந்தக் கறி இல்லாமல் அவ்வீட்டில் இலை போடுவதில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த பேரன், ஏழாம் வகுப்பு மாணவன், நம்மைப் பார்த்து, "சாமி, நம்ம வேதம் பரங்கி வேதம்னு என் சிநேகிதனோட தாத்தா சொல்றாரு. பரங்கின்னா என்ன சாமி?" என்று கேட்டான். நாம் வாய் திறக்குமுன் மூதாட்டியார் முந்திக்கொண்டார்: "உன் இலையில இருக்குதே, அதுதான்டா பரங்கி. ஆறிப்போறதுக்குள்ள தின்னு."

எல்லோரும் சிரித்தோம். ஆயினும் பையனின் கேள்வி நம்மோடு அறைவரை வந்தது.

பரங்கி என்னும் சொல் பிராங்கு இனத்தாரின் பெயரிலிருந்து பிறந்தது. சிலுவைப் போர்க் காலத்தில் மேற்கு ஐரோப்பியர் அனைவரையும் அராபியர் இப்பெயராலேயே சுட்டினர். பாரசீகத்தின் வழியே அது 'ஃபிரங்கி' என்று இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர், போர்த்துகீசியரைக் குறிக்கும் சொல்லாக நம் கடற்கரையில் அது நிலைத்தது. அவர்கள் வாழ்ந்த ஊர்களுள் ஒன்று பரங்கிப்பேட்டை. அவர்கள் கோயில் எழுப்பிய புனித தோமையார் குன்று பரங்கிமலை. அவர்களோடு சேர்த்துப் பேசப்பட்ட நோய் பரங்கிப்புண். அந்நோய்க்குச் சித்த மருத்துவர் கொடுத்த வேர், சீனத்துச் சரக்காயிருந்தும், பரங்கிப்பட்டை ஆயிற்று. கப்பலில் வந்த காய் பரங்கிக்காய். வல்லின றகரமிட்டுப் 'பறங்கி' என்று எழுதுவாரும் உளர், இரண்டும் ஒன்றே.

இந்தக் காயின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தில் கிலா நக்கித்சு என்னும் குகையில் கிடைத்த விதைகளைக் கொண்டு, இதன் உடன்பிறப்பான ஒரு பூசணி இனத்தை அம்மண்ணின் மக்கள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரிட்டனர் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். 1492இல் கொலம்பசு அக்கரை சேரும்வரை ஐரோப்பாவோ ஆசியாவோ இதனை அறியா. சோழப் பேரரசனின் விருந்தில் வெண்பூசணி இருந்திருக்கலாம், சுரையும் பாகலும் பீர்க்கும் இருந்திருக்கலாம். பரங்கிக்காய் இருந்திருக்க இயலாது. அதைத் தாளிக்கும் மிளகாயும் அவ்வாறே. பொங்கற் படையலில் கரும்போடு வைக்கப்படும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அதே கடல் கடந்து வந்ததே.

இன்று சந்தைக்குச் சென்று பாருங்கள். முட்டைக்கோசும் காரட்டும் பீட்ரூட்டும் 'இங்கிலீஷ் காய்' என்று ஒருபுறம் இருக்கும். பரங்கியோ கத்தரி, அவரையோடு 'நாட்டுக்காய்' வரிசையில் அமர்ந்திருக்கும். பரங்கியன் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்தும் அதை அயலென்று எவரும் எண்ணுவதில்லை. மார்கழி விடியலில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகப்படும் மஞ்சள் பூ இக்கொடியின் பூவே. பாவை பாடும் மாதத்தின் பூவை மெக்சிகோவிலிருந்து வந்ததென்று சொன்னால் நம்புவார் எத்தனை பேர்!

கொடுத்தவர் அவர்கள் மட்டும் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். நம் மேற்குக் கடற்கரையின் 'சக்கரை'யைப் போர்த்துகீசியர் 'ஜாகரா' என்று உச்சரித்தனர். வெல்லத்துக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'ஜாகரி' அவர்கள் வாய்வழிப் போனதே. காய் வந்த கப்பலில் வெல்லத்தின் பெயர் போயிற்று எனலாம். (சென்னைப் பக்கத்து முதியவர்களுக்குச் சர்க்கரை என்றால் வெல்லமே, வெள்ளைச் சீனியை அவர்கள் 'அஸ்கா' என்பர். ஒரிசாவில் சர்க்கரை ஆலை இருந்த ஊரின் பெயர் அது.) இன்று அமெரிக்கர் நவம்பர் மாத நான்காம் வியாழனன்று நன்றித் திருநாள் கொண்டாடும்போது, சர்க்கரைவள்ளியைப் பாகில் புரட்டிப் பளபளக்க வைத்துப் பரிமாறுகின்றனர், பரங்கியை இனிப்புப் பணியாரத்தில் அடைக்கின்றனர். அறுவடைக்கு நன்றி கூறும் இருவேறு விழாக்கள், இலையிலும் தட்டிலும் ஒரே காய்கள்.

காய்க்கு இவ்வாறு எளிதாய் முடிந்தது மறைக்கு எளிதாய் இருக்கவில்லை. 1606ஆம் ஆண்டு நவம்பரில் இயேசு சபைத் தந்தை இராபர்ட் தெ நோபிலி மதுரை வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்பே தந்தை கொன்சாலோ பெர்னாந்தஸ் முத்துக்குளித்துறையிலிருந்து வந்திருந்த பரதவர்க்குப் பணியாற்றிக்கொண்டிருந்தார். ஆனால் மதுரை மக்கள் மறையில் சேரவில்லை. காரணம் என்ன என்று தேடிய நோபிலி, இந்தப் பரங்கிச் சொல்லில் வந்து நின்றார். திருமுழுக்குப் பெற வருவோரிடம் 'பரங்கிக் குலத்தில் புக விருப்பமா' என்ற பொருளிலேயே கேட்கப்பட்டு வந்ததாம். மாட்டிறைச்சி உண்டு, மதுவருந்தி, நீராடாது திரிபவர் என்பதே ஊரார் மனத்தில் பரங்கிக்கு இருந்த பொருள். அக்குலத்தில் யார் புகுவார்?

நோபிலி காவி உடுத்தார். புலாலை நீக்கி, நாளுக்கொரு வேளை சோறும் காயும் பாலும் உண்டார். தாம் பரங்கி அல்லர், உரோமையில் பிறந்த துறவி என்று ஓலையில் எழுதி இல்லத்தின் முன் வைத்தார். எதிர்ப்பும் விசாரணையும் நெடுநாள் தொடர்ந்தன. இறுதியில் 1623 சனவரி 31இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் வழிக்கு இசைவளித்தார். 1656இல் மயிலாப்பூரில் அவர் இறந்தபோது, தமிழ் உரைநடைக்கும் மறைக்கும் அவர் விட்டுச்சென்றது சிறிதன்று.

இந்த வரலாறு நம் ஊருக்குத் தொலைவானதும் அன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயேசு சபையார் கர்நாடக மறைப்பணியைத் தொடங்கியபோது, அரக்கோணத்தை அடுத்த தக்கோலமும், சித்தூர்ச் சீமையின் புங்கனூரும் அவர்கள் தங்கிய இடங்கள். அவர்களும் பரங்கிப் பெயர் ஒட்டாதிருக்கச் சந்நியாசி உடையே தரித்தனர்.

குருமடத்தில் படித்த காலத்தில் இவற்றையெல்லாம் வெற்றி வரலாறாகவே நாம் எழுதித் தேர்வில் மதிப்பெண் பெற்றோம். பங்குகளில் ஆண்டுகள் கழிந்தபின் வேறொன்றும் உறுத்தத் தொடங்கியது. நோபிலி 'நான் பரங்கி அல்லேன்' என்று சொன்னபோது, அப்பெயரைக் கழற்றிப்போட வழியில்லாத பரதவர் அதே நகரில் ஒரு தெருவுக்கப்பால் இருந்தனர். மேற்குலத்தார்க்கென ஒரு குரு, மற்றையோர்க்கென 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற பிரிவும் தொடர்ந்து வந்தது. கல்லறையில்கூடச் சுவர் எழுப்பிய ஊர்களை நாம் அறிவோம். அந்தத் தந்தையின் தியாகத்தை நாம் ஐயுறவில்லை. இன்று ஆலய முற்றத்தில் பொங்கல் வைத்துத் திருப்பலி நிறைவேற்றுகிறோமென்றால் அதற்கு அவரே முன்னோடி. எனினும், இழிபெயர் ஒன்றிலிருந்து தப்ப அவர் கண்ட வழி, அப்பெயரை வேறு சிலர் தலையில் விட்டுவருவதாகவும் அமைந்தது. அந்தியோக்கியாவில் சீடர்களைக் 'கிறிஸ்தவர்' என்று முதன்முதல் அழைத்தவர்களும் ஊரார்தாம் என்பதைத் திருத்தூதர் பணிகள் படித்த நமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அவர்கள் அப்பெயரைக் கதவில் ஓலை கட்டி மறுக்கவில்லை.

அன்று உணவுக்குப்பின் மூதாட்டியாரிடம் கறியின் பக்குவம் கேட்டோம். அவர் பிறந்த வீடு நகரியில். மணமாகி வந்தது திருத்தணிக்கு. அவருடைய சிறுவயதில் இரண்டு ஊரும் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தன. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அதனோடு சென்றது, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரி அங்கேயே நின்றுவிட்டது. "கோடு போட்டாங்க சாமி, பொண்ணு குடுக்கறத நிறுத்தல" என்றார் அவர்.

பிறந்த வீட்டில் இதே காயின் பெயர் கும்மடிகாய். அச்சொல்லில் பரங்கியும் இல்லை, அயலானும் இல்லை. கோட்டுக்கு அப்பால் சில கல் தொலைவு போனால் காய் தன் வெளிநாட்டுப் பெயரை இழந்துவிடுகிறது! கொங்கு நாட்டில் அது அரசாணிக்காய். தெற்கே சர்க்கரைப் பூசணி. வடதமிழகமே பழைய பெயரை விடாமல் வைத்திருக்கிறது.

இனி, பக்குவம். நன்கு முற்றி, கீறினால் ஆரஞ்சு நிறம் காட்டும் காயாக இருத்தல் வேண்டும். தோலைச் சீவக்கூடாது; சீவினால் துண்டு குழைந்துவிடும். இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து அதில் இட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து, ஒரு கை நீர் தெளித்து மூடிவைக்கவேண்டும். காய் முக்கால் வேக்காடு வந்தபின்னரே வெல்லம். அரைக்கிலோ காய்க்கு ஐம்பது, அறுபது கிராம் போதும் என்பது அவர் கணக்கு. முதலிலேயே போட்டால் காய் விறைத்து வேகாமல் நின்றுவிடும். வெல்லம் கரைந்து நீர் விட்டதும் மூடியைத் திறந்து, கரண்டியால் கிளறாமல் சட்டியையே குலுக்கிக் குலுக்கி, பாகு சுண்டித் துண்டுகளில் ஒட்டி மின்னும்வரை விடவேண்டும். இறக்கும்போது புகுந்த வீட்டு வழக்கப்படி தேங்காய்த் துருவல். பிறந்த வீட்டு வழக்கப்படி வறுத்துப் பொடித்த எள். இரண்டையும் தூவுகிறார். மாமியார் இருந்தவரை எள்ளுக்கு இடமில்லையாம்.

நாம் விடைபெறும்போது பேரன் திண்ணையில் பாட்டிக்கு உதவிக்கொண்டிருந்தான். காயின் குடலிலிருந்து எடுத்த விதைகளைக் கழுவி, சாம்பலில் புரட்டி, முறத்தில் பரப்பி வெயிலில் வைத்திருந்தனர். ஆடியில் ஊன்றுவதற்காம். "சாமிக்கு நாலு விதை மடிச்சுக் குடுடா, கோயில் தோட்டத்துல போடட்டும்" என்றார் மூதாட்டியார். அவன் பழைய நாட்காட்டித் தாளொன்றைக் கிழித்து மடித்து, எண்ணாமல் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தான்.