கலங்கிய கோடு

கணிப்பொறித் திரையில் ஒரு நேர்கோடு போடுவது சாமான்யமான காரியம் என்றுதான் நாம் நினைப்போம். அறுபது வருஷங்களுக்கு மேலாகப் பெரிய பெரிய மூளைகள் அதோடு மல்லுக்கு நின்றிருக்கின்றன.

அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த ஐவன் ஸதர்லண்டு என்ற இளைஞர், 1963-இல் டாக்டர் பட்டத்துக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்றோர் ஏற்பாட்டைச் செய்து காட்டினார். டிஎக்ஸ்-2 என்ற யந்திரத்தின் திரையை ஒளிப்பேனாவால் தொட்டுத் தொட்டுப் படம் வரையலாம். திரை 7 அங்குலச் சதுரம். பக்கத்துக்கு 1,024 புள்ளிகள். ஆனால் யந்திரத்தின் ஞாபகத்தில் விரிந்து கிடந்த தாளோ, படத்தை உச்ச அளவுக்குப் பெரிதாக்கினால், பக்கத்துக்குக் கால் மைல்! கணக்கு முழுவதும் உள்ளே இருக்கிறது. கண்ணுக்குக் கிடைப்பது ஒரு சின்ன ஜன்னல்தான். வாசகர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முந்தின வருஷம், ஸான் ஹோஸேயில் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த ஜாக் பிரஸன்ஹாம் வேறொரு தொல்லையைத் தீர்த்திருந்தார். படம் வரையும் யந்திரத்தின் பேனா சின்னச் சின்ன அடிகளாகத்தான் நகரும். சாய்வான கோட்டுக்கு அடுத்த அடியை நேரே வைப்பதா, குறுக்கே வைப்பதா? ஒவ்வோர் அடியிலும் ஒரு கூட்டல் அல்லது கழித்தல், பிறகு விடை கூடுதலா குறைவா என்று ஒரு பார்வை. அவ்வளவே அவருடைய வழி. 1965-இல் அச்சாயிற்று. எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

டெக்ட்ரானிக்ஸ் கம்பெனி 1972-இல் கொண்டுவந்த 4010 என்ற திரையில் எலெக்ட்ரான் கற்றை ஒரே ஓட்டமாக ஓடிக் கோடு இழுத்தது. கோடு கூர்மையாக நின்றது. ஆனால் ஒரு கோட்டை அழிக்க வேண்டுமானால் திரை முழுவதையும் துடைத்தாக வேண்டும். பிறகு ஞாபகச் சில்லுகள் மலிந்தன. கட்டம் கட்டமாகப் புள்ளி நிறைந்த திரைகள் வந்தன. ஒரு புள்ளி எரியும், அல்லது எரியாது. 1981-இல் ஐ.பி.எம். சொந்தக் கணிப்பொறியோடு வந்த வண்ண அட்டைக்கு அதிகபட்சம் 640-க்கு 200 புள்ளிகள். அடுத்த வருஷம் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஆட்டோகேட் தலைகாட்டியது. இருநூறே வரிசையில் ஓட்டுக்கூரையின் சரிவை வரைந்தால், மலைக்கோயில் படிக்கட்டு மாதிரி இருக்காதா?

படிக்கட்டுக்குக் காரணத்தையும் மருந்தையும் யூட்டா சர்வகலாசாலையில் பயின்ற ஃபிராங்க் குரோ 1977-லேயே எழுதிவிட்டார். புள்ளியிடம் "கோடு உன்மேல் விழுகிறதா?" என்று கேட்காதே, "எவ்வளவு விழுகிறது?" என்று கேள். பாதி விழுந்தால் பாதிக் கறுப்பு. ஷியாவோலின் வு 1991-இல் இதையே கோடுகளுக்கு வேகமாகச் செய்ய வழி சொன்னார்: அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்குக் கறுப்பைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவது. படிக்கட்டு மறைந்தது.

வம்பும் அங்கேதான் பிறந்தது. சாய்ந்த கோட்டுக்கு இது அமிர்தம். ஆனால் படுத்த கோட்டுக்கும் நின்ற கோட்டுக்கும் படிக்கட்டு ஏது? அப்படிப்பட்ட கோடு இரண்டு வரிசைகளுக்கு நடுவே விழுந்தால், இரண்டிலும் அரைக் கறுப்பாகப் படிந்து மங்குகிறது. வீட்டுப் படத்தில் முக்கால்வாசியும் அந்த மாதிரிக் கோடுகள்தானே? நோயில்லாதவனுக்கு மருந்து கொடுத்த கதை.

கட்டட வரைபடம் போடும் நண்பர் ஒருவர் என்னிடம் கலவரத்துடன் வந்தார். "ஸார், சுவரெல்லாம் பஞ்சாத் தெரியுது. கண்ணு போயிடுச்சோ?" கண்ணை நம்பியே குடும்பம் நடத்துகிறவர், பயம் நியாயந்தான். முதலில் திரையை அதற்கென்றே அமைந்த புள்ளிக் கணக்கில் வைக்கச் செய்தோம். எழுத்தைப் பெரிதாக்குவதற்காக யாரோ வைத்திருந்த 125 சதவிகிதத்தை 100 ஆக்கினோம். கடைசியில், கோட்டை மென்மையாக்கும் ஏற்பாட்டை அணைத்தோம். சுவர்கள் கத்தியால் கீறியதுபோல் நின்றன. மாடிப்படியின் கைப்பிடிச் சாய்வில் மட்டும் பழைய படிக்கட்டு திரும்பியது.

அவர் உடனே சுவரின் அளவை எடுத்துப் பார்த்தார். 230 மில்லிமீட்டர், மங்கலாக இருந்தபோதும் அதேதான். உள்ளே இருந்த கணக்கை மங்கல் தொடவே இல்லை.

அவருடைய மகள் நகைக்குப் படம் போடுகிறாள். அவள் திரையில் அந்த ஏற்பாடு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அவளுக்கு எல்லாம் வளைவுகள்.