பூட்டும் மரத்த விரலும்

திண்டுக்கல் என்றாலே பூட்டு. 2019இல் நம்மூர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்த பூட்டு ஒன்றும் உண்டு. அது துருப்பிடித்த பூட்டு.

1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். ஒருநாள் ஒரு துருப்பூட்டு அவர் கைக்கு அசைந்து கொடுக்கவில்லை. தொழுநோயுள்ள பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து, ஒரே திருகில் திறந்துவிட்டான். பார்த்தால், எலும்பு தெரியும் அளவுக்கு அவன் விரல் கிழிந்து ரத்தம்! பையனுக்கோ வலியே தெரியலை. விரல் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு மரத்துப்போவதால் காயம் தெரியாமல்தான் கெடுகிறது என்பதை உலகுக்கு எடுத்துரைத்தவர் பிராண்ட்.

அப்படியென்றால் விரல் மரக்கும் முன்பே நோயைக் கண்டுபிடித்தாக வேண்டுமே! 1873இல் நார்வேயின் ஹான்சன் கிருமியைக் கண்டார். ஆனால் அதை இன்றுவரை சோதனைக் குழாயில் வளர்க்க முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாட்ரிக் பிரென்னன் குழுவினர், அக்கிருமிக்கே உரிய பி.ஜி.எல்.-1 என்ற கொழுப்புப் பொருளை இனங்கண்டனர். அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை ரத்தத்தில் அளக்கலாம் என்றாயிற்று. பின்னாளில் ஒரு சொட்டு ரத்தத்தில், சில நிமிடங்களில் பார்க்கும் பட்டையும் வந்தது.

இங்கேதான் கவனம் வேண்டும். உடலில் கிருமி ஏராளமாக உள்ளவர்களிடம் ஆன்டிபாடி நன்றாகத் தெரியும். ஓரிரு தேமல் மட்டும் உள்ளவரிடம் பெரும்பாலும் தெரியாது. அவருக்கும் நரம்பு கெடலாம். நோயே இல்லாத வீட்டாரிடமும் சில சமயம் தெரியும். ஆகவே ரத்தத்தில் ஒண்ணும் இல்லை என்றால் நோயே இல்லை என்று பொருளல்ல. பஞ்சு நுனியால் தொட்டு, நரம்பைத் தடவிப் பார்க்கும் பழைய முறைக்கு இன்னும் மாற்று இல்லை.

நம்மில் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஏராளம். யாருக்காவது உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால், "தேமல்தானே" என்று விட்டுடாதீங்க. அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வையுங்கள். கூட்டு மருந்து அங்கே இலவசம். நோய் குணமாகும். ஆனால் காலங்கடந்து மரத்துப்போன விரலுக்கு உணர்ச்சி திரும்புவது அரிது.