ஒரு ஏக்கர் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரிப் பகுதி அதற்குள் அடக்கம். நிர்வாகத்துக்கு வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று பிரித்துத் தீர்வை போட்டார்கள். அந்த நிலம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பது தனிக் கணக்காகவில்லை. தீர்வை வசூலிக்க அது தேவைப்படவும் இல்லை.

நூறு ஆண்டு கழித்துத் தேவைப்பட்டது. 1892 பிப்ரவரி 18 அன்று சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பட்டியலில் உள்ள ஆறுகளில் சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டக்கூடாது என்றது அது. அந்தப் பட்டியலில் கிருஷ்ணகிரி வழியே ஓடும் தென்பெண்ணையும் உண்டு. ஆனால் இந்தக் கரைப் பயிருக்கு இவ்வளவு, அந்தக் கரைப் பயிருக்கு அவ்வளவு என்ற பங்கீடு அதில் இல்லை. தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் இடையே பின்னால் எழுந்த தென்பெண்ணை வழக்குக்கு வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பயிரின் தண்ணீர்க் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, காமராசர் ஆட்சியில் தென்பெண்ணையில் கட்டப்பட்ட கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையே நல்ல உதாரணம். ஆயக்கட்டு 9,012 ஏக்கர். ஒரு போக நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர், அதாவது 4 அடி ஆழத் தண்ணீர் வேண்டும். பெருக்கினால் சுமார் 1,570 மில்லியன் கன அடி வருகிறது. அணையின் கொள்ளளவோ 1,666 மில்லியன் கன அடி. நிரம்பிய அணை ஒரு போக நெல்லுக்கே ஏறக்குறைய சரியாகிவிடுகிறது! ராகிக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

ஆனால் மதகில் திறந்த தண்ணீர் முழுவதையும் பயிர் குடித்துவிடுவதில்லை. நெல் வயலில் கணிசமான பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. கொஞ்சம் பக்கத்துக் கிணறுகளில் ஊறுகிறது, கொஞ்சம் ஓடை வழியாக ஆற்றுக்கே திரும்புகிறது. கே.ஆர்.பி. அணைக்குக் கீழே உள்ள நெடுங்கல் அணைக்கட்டு, ஆற்றில் வருவதைத் திருப்பிப் பாரூர் ஏரிக்கு அனுப்புகிறது. மேலே கசிந்தது கீழே இன்னொரு வயலின் பாசனம். வாய்க்கால் அளவுகளை மட்டும் கூட்டினால் ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணிவிடுவோம். படுகை முழுவதற்கும் கணக்குப் போடும்போது, ஆவியாகி வானத்துக்குப் போனதைத்தான் செலவில் எழுத வேண்டும்.

அதை அளக்கும் வழியை 1948-இல் இங்கிலாந்தின் ஹோவர்ட் பென்மன் ஒரு சமன்பாடாகத் தந்தார். வெயில், காற்று, ஈரப்பதம், வெப்பம் நான்கும் தெரிந்தால் ஆவியாதல் தெரியும். நம் வானிலை நிலையங்களில் இதற்கு எளிய கருவி ஒன்று உண்டு: 4 அடி விட்டமுள்ள ஆவியளப்புத் தொட்டி. காலை 8.30-க்கு நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக் குறிப்பார்கள். அந்த எண்ணைத் தொட்டிக்கான திருத்தத்தாலும், பயிரின் வயதுக்கேற்ற குணகத்தாலும் பெருக்கினால் பயிர் குடிக்கும் நீரின் அளவு கிடைக்கும்.

இப்போது செயற்கைக்கோள்கள் வயலின் வெப்பத்தைப் பார்த்தே ஆவியாதலைச் சொல்கின்றன. நீராவி விடும் பயிர் குளிர்ந்திருக்கும். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஓசூரில் அது தடுமாறும். அமுதகொண்டப்பள்ளி போன்ற இடங்களில் ரோஜாவும் குடமிளகாயும் பசுமைக் குடிலுக்குள் சொட்டுநீரில் வளர்கின்றன. மேலிருந்து பார்த்தால் தெரிவது பிளாஸ்டிக் கூரை. உள்ளே ஓடும் போர்வெல் தண்ணீரைத் தரையில் இறங்கி அளந்தால்தான் உண்டு.

ஆற்றின் வரவும் பழையபடி இல்லை. பெங்களூரின் கழிவுநீர் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. 2018 முதல் அந்நகரின் சுத்திகரித்த கழிவுநீரில் ஒரு பகுதி கோலார் ஏரிகளுக்குத் திருப்பப்படுகிறது. அதே 2018-இல், தென்பெண்ணையின் துணை ஆறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் யார்கோள் அணை கட்டுவதை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. 2019 நவம்பர் 14 அன்று இடைக்கால மனுவைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், தீர்ப்பாயம் அமைக்க மத்திய அரசை அணுகச் சொன்னது.

காவிரித் தீர்ப்பாயம் 2007-இல் பங்கைச் சொல்வதற்கு முன், எத்தனை ஏக்கர், என்ன பயிர், எவ்வளவு நீர் என்றுதான் பக்கம் பக்கமாக ஆராய்ந்தது. தென்பெண்ணைக்கும் அதே வேலை, நந்தி மலை முதல் கடலூர் வரை, ஒரே ஆண்டில் ஒரே முறையில் நடக்க வேண்டும். போர்வெல்லும் கழிவுநீரும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். வரும் எண்களை இரு மாநில விவசாயிகளும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.