பிரதமப் பேராயர் முதல் பாஸ்டரேட் கமிட்டி வரை: சி.எஸ்.ஐ. திருச்சபையில் யாருக்கு என்ன அதிகாரம்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் உள்ள சி.எஸ்.ஐ. ஆலயங்கள் சென்னைப் பேராயத்தின் கீழ் வருகின்றன. அங்கே பாஸ்டரேட் கமிட்டிக்கு நீங்கள் போடும் ஓட்டு, படிப்படியாக திருச்சபையின் தலைமைப் பதவி வரைக்கும் போகிறது. எப்படி? பார்க்கலாம்.

சி.எஸ்.ஐ. என்றால் என்ன?

ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகளும் தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைந்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானதுதான் தென்னிந்தியத் திருச்சபை. தென் மாநிலங்களோடு இலங்கையின் யாழ்ப்பாணமும் இதில் ஒரு பேராயம். கத்தோலிக்கத்தில் ஆயர்களை நியமிப்பது போப். இங்கே தேர்தல்தான் அடிப்படை.

முதல் படி: பாஸ்டரேட்

கமிட்டிக்கு அந்த சபையின் ஆயர்தான் தலைவர். செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் சபை மக்களில் இருந்து வருவார்கள். திடப்படுத்தல் பெற்று, சந்தா கட்டி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு.

இரண்டாம் படி: பேராயம்

ஆயர்களும், பாஸ்டரேட்டுகள் அனுப்பும் பிரதிநிதிகளும் சேர்ந்ததுதான் பேராய கவுன்சில். தலைவர் பேராயர். பல பேராயங்களில் குருத்துவச் செயலாளர், லே செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் உண்டு. 'லே' என்றால் ஆயர் அல்லாத சபை உறுப்பினர்.

பேராயர் பதவி காலியானால், கவுன்சில் சில பெயர்களைத் தேர்ந்தெடுத்து மேலே அனுப்பும். அதில் ஒருவரை சினாட் தேர்வு செய்யும். 2013-ல் நந்தியால் பேராயராகப் பொறுப்பேற்ற புஷ்ப லலிதா, சி.எஸ்.ஐ.-யின் முதல் பெண் பேராயர்.

மூன்றாம் படி: சினாட்

பேராயர்களும், பேராய கவுன்சில்கள் அனுப்பும் பிரதிநிதிகளும் கூடும் உச்ச அமைப்பு இது. 3 ஆண்டுக்கு ஒருமுறை நிர்வாகிகள் தேர்தல்.

* பிரதமப் பேராயர் (மாடரேட்டர்): சினாட் தலைவர். பேராயர்களில் ஒருவர்தான் வர முடியும். சொந்தப் பேராயத்தையும் அவரே கவனிப்பார்.
* துணைப் பிரதமப் பேராயர்: இவரும் ஒரு பேராயர்.
* பொதுச்செயலாளர்: அன்றாட நிர்வாகம்.
* பொருளாளர்: வரவு செலவு. இந்த இரண்டு பதவிக்கும் பேராயராக இருக்கத் தேவையில்லை.

ஏன் இவ்வளவு போட்டி?

ஆலயம், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என பெரும் சொத்துகள் திருச்சபையிடம் உள்ளன. அவற்றைப் பராமரிக்க சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் என்ற தனி நிறுவனம் 1947-லேயே பதிவு செய்யப்பட்டது. பதவி என்பது வழிபாட்டுப் பொறுப்போடு நிற்பதில்லை, நிர்வாகக் கையெழுத்தும் சேர்ந்தது.

பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக உயர்த்திய திருத்தத்துக்குப் பேராயங்களின் ஒப்புதல் முறையாகக் கிடைத்ததா என்ற கேள்வி, சினாட் தேர்தலோடு சேர்ந்து நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகிகளாக நியமித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

நீங்கள் கவனிக்க வேண்டியது

பிரதமப் பேராயருக்கு சபை மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. நீங்கள் அனுப்பும் பிரதிநிதிகள் வழியாகத்தான் உங்கள் குரல் மேலே போகும். அதனால் தேர்தல் அறிவிப்பு வந்ததும் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, சந்தா பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்க. உங்கள் சபை சார்பில் பேராய கவுன்சிலுக்குப் போவது யார் என்பதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.